முதல் மேசை

ஓய்வுபெறப் போகிறவர்களுக்கென்று அலுவலகத்தில் ஒரு வகுப்பு நடத்துவார்கள். எப்படிச் சேமிப்பது, எப்படி மூட்டுவலி வராமல் நடப்பது, நாள் முழுக்க ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படிச் சண்டை போடாமல் இருப்பது, எல்லாம் சொல்லித் தருவார்கள். கடைசியில், பாடம் எடுத்த சின்னப்பெண் ஆளுக்கு ஓர் ஆசையைச் சொல்லச் சொன்னாள். அவள் ஓய்வுபெற இன்னும் ஒரு தலைமுறை கிடக்கிறது. ஒருவர் மீன்பிடிக்கப் போகிறேன் என்றார். இன்னொருவர் ஜப்பானுக்குப் போய்ப் பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பஞ்சவர்ணம், "தோட்டம் போடலாம்னு இருக்கேன்" என்றாள். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில், பத்தாவது தளத்தில், எந்த மண்ணில் தோட்டம் போடுவாள்? சும்மா சொன்னது. அவள் மனதில் இருந்த ஆசைக்கு ஒரே ஒரு பெயர்தான். ரகுபதி.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அரசாங்க ஊழியர் என்று ஓர் இனம் இருப்பதைப் பழமொழி சொன்னவர் மறந்துவிட்டார். அந்த இனம் ஓய்வுபெற்ற பிறகு கொல்லும்.

பஞ்சவர்ணம் தன் காலம் முழுவதும் ஒரு வாரியத்தின் விழாப் பிரிவில் இருந்தவள். திறப்பு விழா, விருது விழா, வெளிநாட்டு விருந்தாளி வருகை, எதுவானாலும் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவள் பொறுப்பு. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துப் பார்க்கட்டும். அவள் நடத்திய விழாக்களில் ஒருவர் முகமும் கோணியதில்லை. அதனால் வந்த பெயரெல்லாம் பிரிவின் தலைவர் ரகுபதிக்குப் போனது. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உழைப்பது ஒருவர், பெயர் வாங்குவது ஒருவர் என்பது ஆபீஸ் என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்தே இருக்கிற வழக்கம்தான்.

அவளால் மறக்க முடியாதது வேறு.

ஒரு வருஷம் அவளுக்கே நீண்டகாலச் சேவைப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் வாங்குகிறவர்களின் குடும்பத்தில் ஒருவருக்கு முன்வரிசையில் இடம் உண்டு. அவள் கணவர் மருதப்பன் பஸ் ஓட்டுநர். கூட வேலை பார்ப்பவரிடம் கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு, சிராங்கூன் சாலையில் புதுச்சட்டை வாங்கி, தலைக்கு மை அடித்து, அரங்கைத் திறந்தவுடனே வந்து உட்கார்ந்துவிட்டார். நாற்காலியின் முதுகில் தன் பெயர் ஒட்டியிருந்ததைக் கைபேசியில் படம் பிடித்தார். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டியிடம், மேடையோரமாக ஓடிக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தைக் காட்டி, "மை வைஃப், மை வைஃப்" என்று இரண்டு தரம் சொன்னார்.

தொடங்கப் போகும் சமயத்தில் ரமணன் வந்து நின்றார். அவர் வாரியத்தின் முன்னாள் தலைமை அதிகாரி. வர இயலாது என்று சொல்லியிருந்தவர், மனம் மாறி வந்துவிட்டார். முன்வரிசையில் ஓர் இடமும் இல்லை. அதே வரிசையில் உட்கார்ந்திருந்த ரகுபதி, தன் இருக்கையில் சாய்ந்தபடியே இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். கோட்டு, கோட்டு, பட்டுப்புடவை, கோட்டு, புதுச்சட்டை. பார்வை புதுச்சட்டையில் நின்றது. பஞ்சவர்ணத்தைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அந்த ட்ரைவரைப் பின்னாடி அனுப்பும்மா."

"சார், அவரு என்னோட..."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். வெளியாளை எழுப்ப முடியாது. நம்ம ஆளுன்னா புரிஞ்சுக்குவாரு."

அவளே போனாள். கணவரின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். பின்வரிசைகளும் நிறைந்திருந்ததால், காப்பி வைத்திருந்த வெளிக்கூடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள். "அதுக்கென்ன லா, நீ போ, உன்னைத் தேடப் போறாங்க" என்று அவளை விரட்டினார் மருதப்பன். பதக்கம் வாங்கிக்கொண்டு அவள் ஓடிவந்தபோது, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே கைதட்டும் சத்தம் பல தடவை கேட்டதாம். அதில் எது அவளுக்கு என்று தெரியவில்லையாம். "உனக்குக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அடுத்த வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

ரகுபதி அன்று சாயங்காலமே அதை மறந்திருப்பார். அடித்த கைக்கு ஞாபகம் இருக்காது, அடிபட்ட கன்னத்துக்குத்தான் இருக்கும். சில வருஷங்களில் அவர் பெரிய விருந்தோடும் மாலையோடும் ஓய்வுபெற்றுப் போனார். அந்த விருந்தையும் அவள்தான் நடத்திக் கொடுத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. சம்பளம் வாங்குகிற கை எதிர்த்து நீளக்கூடாது. ஆனால் ஒருநாள் இந்த வேலை முடியும் அல்லவா? அன்றைக்கு இந்த மனுஷனை, நாலு பேர் பார்க்க, அவருடைய நாற்காலியிலிருந்து எழுப்பி, நானே முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார வைக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். பணமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

அந்த நாள் வந்தது. மறுவேலை ஒப்பந்தம் தருகிறோம், இன்னும் சில வருஷம் இருங்கள் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கேக் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். நேரத்தைப் பார்க்கிற வேலை முடிந்தவளுக்குக் கடிகாரம் கொடுக்கிற புத்தி அரசாங்கத்துக்குத்தான் வரும்.

ஓய்வு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அலாரம் இல்லாமல் எழுந்தாள். கூட்டம் வடிந்த பிறகு ரயிலேறித் தேக்கா சந்தைக்குப் போய், மீன்காரரோடு வாயாடி மீன் வாங்கினாள். வெள்ளிக்கிழமைகளில் சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் யாரும் அவசரப்படுத்தாமல் கும்பிட்டாள். மார்சிலிங்கில் இருக்கும் மகன் ரித்திக், "அம்மா, க்ரூஸ் போயிட்டு வாங்கம்மா, ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று நச்சரித்தான். போகலாம்ப்பா என்றாள். கப்பலேறுவதற்கு முன்னால் கரையில் ஒரு வேலை பாக்கி இருந்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ரகுபதியே போன் செய்தார்.

"பஞ்சவர்ணம், இப்ப நீ ஃப்ரீதானே? நம்ம பொண்ணு ரோஷினிக்குக் கல்யாணம். காலைல கோயில்ல தாலி கட்டு, அதை ஐயர் பாத்துக்குவாரு. மத்தியானம் ஹோட்டல்ல விருந்து. அதுக்கு உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லம்மா."

"உங்க வீட்டுக் கல்யாணம், எங்க வீட்டுக் கல்யாணம் மாதிரி சார்" என்றாள் பஞ்சவர்ணம். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தாள்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனாள். ரகுபதி மேசையை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அனிதா, காப்பி." "அனிதா, என் கண்ணாடி." "அனிதா, ஃபேனைக் கூட்டு." அவர் மனைவி அனிதா உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ரகுபதிக்குக் கவலையெல்லாம் முதல் மேசையைப் பற்றித்தான். மேடைக்கு நேர் எதிரே போடுகிற மேசை அது. பத்து நாற்காலி. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, சென்னையிலிருந்து வருகிற அவர்களுடைய உறவுக்காரர் இரண்டு பேர். பிறகு ரகுபதி பெருமைக்கென்று தேடித்தேடி அழைத்த பெரிய மனிதர்கள் நாலு பேர். மிச்சம் இரண்டு, ரகுபதிக்கும் அனிதாவுக்கும்.

"ரமணன் சார் வந்திருந்தா மகுடம் வெச்ச மாதிரி இருந்திருக்கும். முட்டி வலியாம், வரலன்னுட்டாரு" என்று வருத்தப்பட்டார் ரகுபதி.

பஞ்சவர்ணத்தின் மூளையில் அந்த நொடியே விளக்கு எரிந்துவிட்டது. கிளம்பியவளை அனிதா விடவில்லை. "அக்கா, சாப்பிடாம போகக்கூடாது" என்று உட்கார வைத்து இடியப்பமும் சொதியும் பரிமாறினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று மனம் லேசாக முணுமுணுத்தது. உப்பிட்டது இந்த அம்மா, அந்த ஆள் இல்லை என்று அதன் வாயை அடைத்துவிட்டு, இன்னும் இரண்டு இடியப்பம் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே ரமணனுக்குப் போன் போட்டாள். "சார், நீங்க வரலன்னு ரகுபதி சார் ரொம்ப உடைஞ்சு போயிருக்காரு. நான் காரு அனுப்பறேன், வீல்சேரும் வெச்சிருக்கேன். அவருக்குச் சொல்லாம வாங்க, சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றாள். கிழவர் குழைந்துவிட்டார். அவர் எந்த விழாவுக்கும் நேரத்துக்கு வந்ததில்லை என்பது பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் வருவார். ஹோட்டல் ஆட்களிடம், முதல் மேசையில் பதினோராவது நாற்காலி போடவே கூடாது, படத்தில் அசிங்கமாக விழும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள். சம்பந்தி வீட்டாரை எழுப்ப முடியாது. பெரிய மனிதர்களை எழுப்ப முடியாது. நம்ம ஆளு என்று அங்கே இருக்கப் போவது விருந்து கொடுக்கிற ஒருவர்தான். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், தட்டுகள் மோதுகிற இடத்தில், நாற்பதாம் மேசை என்று ஒன்றைப் போட்டு, அதில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்தாள்.

இந்த ஏற்பாடு தெரிந்த ஒரே ஆள் ஜாஃபர். விழாப் பிரிவில் மைக்கும் ஸ்பீக்கரும் பார்த்தவர், இடுப்புவலியால் அவளுக்கு முன்பே வேலையை விட்டவர். கல்யாணத்துக்கும் அவரைத்தான் அழைத்திருந்தாள். தேக்காவில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டே அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஜாஃபர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேணாம் லா அக்கா. கல்யாணம் அது. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. அவ மேடைல இருப்பா. அவங்கப்பா எந்திரிச்சு நடக்கணும். என் வீட்டுக்காரர் நடந்தாரே, அந்த மாதிரி. வேற ஒண்ணும் கேக்கல."

"மனசு ஆறிடுமா?"

"ஆறாட்டியும் பரவால்ல. நடக்கணும்."

கல்யாணத்தன்று பச்சைப்பட்டு கட்டிக்கொண்டாள். ஹோட்டல் கூடம் மல்லிகையும் பிரியாணியுமாக மணத்தது. மேடையில் ரோஷினியும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே அத்தனை மேசையும் நிறைந்துவிட்டது. ரகுபதி கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் மேசையில், தானே பதவியேற்கப் போவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து கோயிலுக்கும் ஹோட்டலுக்குமாக அலைந்த அனிதா கடைசியாக வந்து, அவர் பக்கத்தில் அப்போதுதான் உட்கார்ந்தார். செருப்பை மேசைக்கடியில் கழற்றிவிட்டு, நாப்கினை மடியில் விரித்துக்கொண்டு, மேடையில் இருந்த மகளைப் பார்த்துச் சிரித்தார்.

பரிமாறத் தொடங்கியதும், பஞ்சவர்ணம் கணக்குப் போட்டபடியே, ரமணன் கதவருகில் வந்தார். சக்கர நாற்காலி வேண்டாம் என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்தே வந்தார். ரகுபதி அவரைப் பார்த்ததும் பாதி எழுந்து, "சார்! சார்!" என்று கும்பிட்டார். அப்புறம்தான் மேசையைப் பார்த்தார். பத்தும் நிறைந்திருந்தது. உடனே அவர் கண் பஞ்சவர்ணத்தைத் தேடியது. அந்தக் காலத்தில் தேடிய அதே தோரணை.

அவள் நிதானமாக நடந்து போனாள். இத்தனை வருஷம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை, குனிந்து, தேன் தடவிச் சொன்னாள்.

"சார், வெளியாளை எழுப்ப முடியாது. நம்ம ஆளுன்னா புரிஞ்சுக்குவாங்க."

"கரெக்ட்" என்றார் ரகுபதி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பக்கத்தில் திரும்பினார். "அனிதா, எந்திரி. ரமணன் சார் உக்காரட்டும். நீ பின்னாடி எங்கயாவது போய் உக்காந்துக்கோ."

பஞ்சவர்ணம் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. எல்லா நாற்காலியையும் எண்ணியவள், இந்த நாற்காலியை எண்ண மறந்துவிட்டாள். நம்ம ஆளு என்று அந்த மனுஷனுக்கு எப்போதுமே ஒருவர் கைவசம் இருப்பார், அது ஒருநாளும் அவராக இருக்காது என்பது ஒரு விழாப் பிரிவுக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அனிதா முகம் சுளிக்கவில்லை. மேசைக்கடியில் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டார். நாப்கினை நாலாக மடித்து வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "எங்கக்கா போகணும்?" என்று கேட்டார்.

மேடையில் ரோஷினியின் சிரிப்பு நின்றுவிட்டது. பஞ்சவர்ணத்தின் கை, பழகிய கை, அதற்குள் அனிதாவின் முழங்கையைப் பிடித்துவிட்டிருந்தது. அந்த முழங்கை ஈரமாக, மெலிந்து இருந்தது. இரண்டு எட்டு நடந்தும்விட்டார்கள். அவள் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாவி, உன்னைப் பழிவாங்க வந்த என்னையே மறுபடியும் இந்த வேலைக்கு வைத்துவிட்டாயே என்று குமுறினாள்.

நின்றாள். அனிதாவைத் திருப்பி அழைத்துக்கொண்டு மேசைக்கே வந்தாள்.

"ரகுபதி" என்றாள். சார் இல்லை. மைக் இல்லாமலே கூடத்தின் கோடிவரை போகிற குரல் அவளுடையது.

"என்னம்மா?"

"எந்திரிங்க."

"என்னது?"

"எந்திரிங்கன்னு சொன்னேன். இது பொண்ணோட அம்மா உக்கார்ற எடம். அவங்க உக்காரட்டும். உங்க எடத்துல ரமணன் சார் உக்காரட்டும். உங்களுக்குப் பின்னாடி எடம் வெச்சிருக்கேன், வாங்க."

மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. "நான் வேணும்னா கிளம்பறேன்" என்று இழுத்தார் ரமணன். "நீங்க விருந்தாளி சார், உக்காருங்க" என்றாள் அவரைப் பார்க்காமலே. ரகுபதி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பெரிய மனிதர்கள் நாலு பேரும் பிரியாணியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாதான் வாய் திறந்தார். "அவங்க சொல்றது நியாயந்தானே சம்பந்தி? பெத்தவங்க எங்க போவாங்க?"

ரகுபதி எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாருக்கென்றில்லாமல் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, எழுந்தே விட்டார்.

அனிதாவைத் தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டு, பஞ்சவர்ணம் அவருடைய முழங்கையைப் பிடித்தாள். மேசை மேசையாகக் கடந்து நடத்திக்கொண்டு போனாள். தலைகள் திரும்பின. சில கைபேசிகளும் திரும்பின. அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். எத்தனை வருஷப் பசி அது, ஒவ்வோர் எட்டும் ருசித்தது.

"என்ன பண்ற நீ?" என்று பல்லிடுக்கில் சீறினார் ரகுபதி. "என் பொண்ணு கல்யாணம்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். மருதப்பனை ஞாபகம் இருக்கா?"

"யாரு?"

நடிக்கவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

"என் வீட்டுக்காரர்" என்றாள். நாற்பதாம் மேசையில் அவரை உட்கார வைத்து, நாப்கினை உதறி மடியில் விரித்தாள். சமையலறைக் கதவு திறந்து அவர் நாற்காலியின் முதுகில் இடித்தது. "இவருக்கு ஒரு பிரியாணி குடுப்பா" என்று பரிமாறுகிறவனிடம் சொல்லிவிட்டு விலகி நின்றாள்.

மனம் குளிர்ந்தது. நன்றாகவே குளிர்ந்தது. தூரத்தில் அனிதா மகளைப் பார்த்துக் கையாட்டுவது தெரிந்தது. இங்கே ரகுபதி, குனிந்த தலை நிமிராமல், முன்னால் வைத்த தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். இதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று நினைத்தாள்.

ஜாஃபர் தன் ஸ்பீக்கர்களை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா! நானும் என்னமோ சத்தம் போடுவாரு, சண்டை வரும்னு பயந்துட்டேன். எந்திரிங்கன்னீங்க, எந்திரிச்சிட்டாரு. இம்புட்டுத்தானா அந்த மனுஷன்!"

பஞ்சவர்ணமும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அது நின்றுபோனது. ஜாஃபர் சொன்னதை அவள் திரும்ப ஒரு தடவை தனக்குள் கேட்டுப் பார்ப்பதுபோல நின்றாள். பிறகு பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"என்னக்கா? தலை சுத்துதா? உக்காருங்க."

"அன்னிக்கும் இவரு முன்வரிசையிலதான் உக்காந்திருந்தாரு ஜாஃபர்" என்றாள் பஞ்சவர்ணம். "எந்திரிங்கன்னு நான் சொல்லல."